நடேசய்யரின் கடிதப் பை

(தொழிலாளர் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய வகுப்புக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, "ஒரு மக்கள் பிரதிநிதியின் சொந்தக் காகிதங்கள்". தலைப்பைக் கேட்டதுமே மாதர் அணித் தோழியர் சிலர், "சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் காகிதத்தைப் பற்றி என்ன பேச்சு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. சம்பளமும் காகிதத்தில்தான் இருக்கிறது என்பது எங்கள் பதில். செக்ரோலில் பேர் விழுந்தால்தான் சம்பளம். ஈ.பி.எப். கணக்கில் பேர் சரியாக இருந்தால்தான் கடைசிக் காலத்தில் நாலு காசு. பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருந்தால்தான் பிள்ளைக்கு அடையாள அட்டை. நம்முடைய சமூகத்தைப் போல காகிதத்தால் அடிபட்ட சமூகம் இந்த நாட்டில் வேறு இல்லை. ஆகவே காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசத்தான் வேண்டும்.

முதலில் ஒரு பிரதிநிதியை எடுத்துக்கொள்வோம். அவர் கோ. நடேசய்யர்.

இளைஞர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். நடேசய்யர் தஞ்சாவூர்க்காரர். அங்கே வணிகமும் கணக்கும் கற்பித்த ஆசிரியர். இலங்கைக்கு வந்தபோது தோட்டங்களுக்குள் வெளியாள் நுழைய முடியாது. அத்துமீறி நுழைந்தார் என்று வழக்குப் போடுவார்கள். அதனால் அவர் புடவை வியாபாரி வேடத்தில் மூட்டையைச் சுமந்துகொண்டு லயங்களுக்குள் போய், தொழிலாளர் படும் பாட்டை நேரில் பார்த்து எழுதினார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். பிறகு கொழும்பில் தங்கி 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய தமிழ்ப் பத்திரிகைகளை நடத்தினார். ஏ. ஈ. குணசிங்காவோடு சேர்ந்து நகரத் தொழிலாளர் இயக்கத்தில் வேலை செய்தார். அந்த உறவு முறிந்த பின், 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்றே ஒரு சம்மேளனத்தை அமைத்தார். மலையகத்துத் தொழிற்சங்க வரலாற்றை எழுதுகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

சட்டசபையில் அவர் இருந்த காலம் நீண்டது. 1925 முதல் 1931 வரை சட்ட நிரூபண சபையில் இந்தியர் பிரதிநிதி. அப்போது வாக்கு என்பது சொத்தும் படிப்பும் உள்ளவருக்கு மட்டும்தான். கொழுந்து பறித்தவருக்கு வாக்கு இல்லை. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்த பின், 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1947 வரை அந்த ஆசனம் அவரிடம் இருந்தது. இரண்டு சபைகளிலும் சேர்த்து ஏறத்தாழ 17 ஆண்டுகள். 1947 தேர்தலில் தோற்றார். அதே ஆண்டு நவம்பரில் காலமானார்.

17 ஆண்டுகள் சபையில் இருந்த ஒருவருடைய மேசையில் எவ்வளவு காகிதம் சேர்ந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சபைக்குக் கேள்வி அனுப்பிய பிரதிகள். பேச்சுக்காகக் குறித்துவைத்த துண்டுகள். துரைமாருக்கு எழுதிய கடிதங்களும் அவர்கள் அனுப்பிய பதில்களும். அச்சகத்துக் கடன் கணக்கு. சந்தாப் பணப் புத்தகம். தந்திகள். புகைப்படங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தோட்டங்களிலிருந்து வந்த கடிதங்கள். "எங்கள் தோட்டத்தில் பேர் போடவில்லை", "என்னைக் குடும்பத்தோடு விரட்டிவிட்டார்கள்", "பற்றுச்சீட்டுக் கொடுக்க மறுக்கிறார்கள்" என்று யாரோ ஒருவர் சொல்ல, எழுதத் தெரிந்த இன்னொருவர் எழுதி, ஒருவருக்கும் தெரியாமல் டவுனுக்குக் கொண்டுபோய்த் தபாலில் போட்ட கடிதங்கள். ஒரு மக்கள் பிரதிநிதியின் சொந்தக் காகிதங்கள் என்று சொல்வது இவற்றைத்தான்.

பற்றுச்சீட்டு என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்கு வேலைக்குப் போக, பழைய தோட்டம் கொடுக்கவேண்டிய விடுவிப்புச் சீட்டு அது. அது கையில் இல்லாதவரை வேறு தோட்டம் சேர்த்துக்கொள்ளாது. அதற்கு முன்னர் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. "இந்தத் தொழிலாளியின் கடனைக் கட்டினால் அவரை விடுகிறோம்" என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதம். ஆளின் கடனை இன்னொரு தோட்டம் கட்டி, ஆளையும் கடனையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். 1921இல் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள். ஒரு துண்டுக் காகிதம் ஒரு குடும்பத்தையே கட்டிப்போட்டிருந்த காலம் அது. அந்தக் காகிதத்தை எழுதியவரும் அவர்களே, வைத்திருந்தவரும் அவர்களே. தொழிலாளி தானாக எழுதிய காகிதம் என்றால், அது நடேசய்யர் போன்றவருக்கு எழுதிய கடிதம்தான்.

சரி, இன்று நடேசய்யரைப் பற்றி நாம் எதிலிருந்து தெரிந்துகொள்கிறோம்? பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து.

முதலாவது, அவர் அச்சிட்டவை. 'தேசபக்தன்' 1924இல் தொடங்கியது. அதோடு 'வெற்றி உனதே', 'நீ மயங்குவதேன்?' போன்ற சிறு நூல்கள். தொழிலாளர் சட்டங்களைத் தமிழில் விளக்கிய புத்தகங்கள். 'இராமசாமி சேர்வையின் சரிதம்' என்ற நாடகம். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடி ஆட்களைத் திரட்டியவர். பத்திரிகை வேலையிலும் பங்கெடுத்தவர். தன் பாட்டுகளைச் சிறு புத்தகமாகவும் அச்சிட்டார். அச்சானதால்தான் அவருடைய குரல் நமக்குக் கிடைத்தது. அச்சேறாமல் வாயோடு போன பாட்டுகள் எத்தனையோ.

இரண்டாவது, சபையின் ஹன்சாட் பதிவு. நடேசய்யர் சபையில் எழுந்து பேசியது ஹன்சாட்டில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இருக்கிறது. 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான ஆகக் குறைந்த சம்பளச் சட்டம் வந்தபோது அவர் சபையில் இருந்தார். அந்தச் சட்டப்படி 1929 முதல் உயர்நிலத் தோட்டங்களில் ஒரு நாள் சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பெண்ணுக்கு 11 சதம் குறைவு என்பது அன்று சட்டத்திலேயே எழுதிவைத்த வேறுபாடு. கொழுந்துக்கூடையின் பாரம் அதற்காகக் குறையவில்லை. பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அந்தச் சம்பளத்தையும் வெட்டினார்கள். 1937இல் கிராமச் சபைச் சட்டத்தைத் திருத்தி, தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்குக் கிராமச் சபை வாக்கு இல்லை என்று ஆக்கியபோது அதை எதிர்த்துப் பேசியவர்களில் அவரும் ஒருவர். இவையெல்லாம் பதிவில் உண்டு.

மூன்றாவது, எதிர்ப்பக்கம் எழுதிவைத்தவை. கவர்னர் லண்டனுக்கு அனுப்பிய கடிதங்கள், பொலிஸ் அறிக்கைகள், 1854இல் தொடங்கிய தோட்டத்துரைமார் சங்கத்தின் ஆண்டறிக்கைகள். இவற்றோடு கண்டியில் இருந்த இந்திய அரசாங்க ஏஜண்டின் அறிக்கைகளையும் சேர்க்கலாம். அவர் எதிர்ப்பக்கம் இல்லை என்றாலும், அதுவும் மேலிருந்து எழுதியதுதான். அவர்கள் ஒழுங்காக எழுதினார்கள், திகதி போட்டார்கள், கோவையில் இட்டார்கள், அலமாரியில் பூட்டினார்கள். குமாரி ஜயவர்தன 1972இல் வெளியிட்ட இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்று நூலுக்கு இப்படிப்பட்ட ஆவணங்கள் பெரிதும் பயன்பட்டன. நம்மவர் சாரல் நாடன், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பழைய பத்திரிகைகளையும் நூல்களையும் தேடித் தேடிப் படித்து, 1988இல் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' என்ற நூலை எழுதினார். அந்த நூல் வந்திராவிட்டால் இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்கு அந்தப் பெயரே தெரிந்திருக்காது.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலைவர் பேசியது இருக்கிறது. துரை எழுதியது இருக்கிறது. பொலிஸ் எழுதியது இருக்கிறது. தொழிலாளி தலைவருக்கு எழுதியது நம் கையில் இல்லை. நடேசய்யர் சபையில் எழுந்து ஒரு தோட்டத்தைப் பற்றிக் கேள்வி கேட்டால், அந்தச் செய்தியை அவருக்குத் தந்தவர் யார்? எந்த லயத்திலிருந்து, யாருடைய பேர் வெட்டுப்பட்டது, யார் துணிந்து சொன்னார்? ஹன்சாட் அதைச் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது அவருடைய கடிதப் பை ஒன்றுதான். பிரதிநிதியின் சொந்தக் காகிதம் என்று பேர் இருந்தாலும், உண்மையில் அதில் பாதி மக்களுடைய காகிதம். அது தொலைந்தால் தலைவருக்குப் பெரிய நட்டம் இல்லை. அவருக்குச் சிலை வைப்பார்கள், முத்திரை வெளியிடுவார்கள். கடிதம் எழுதிய தொழிலாளிதான் இரண்டாவது தடவையும் காணாமல் போகிறார்.

இப்படித்தான் நடக்கவேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. இந்தியாவில் என். எம். ஜோஷி என்று ஒரு தொழிலாளர் தலைவர் இருந்தார். பம்பாய்க்காரர். 1920இல் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் உருவானபோது முன்னின்றவர்களில் ஒருவர். டில்லி மத்திய சட்டசபையில் 1921இலிருந்து 20 ஆண்டுகளுக்கு மேல் தொழிலாளர் பிரதிநிதியாக இருந்தார். அவருடைய காகிதங்கள் புது டில்லியில் தீன்மூர்த்தி மாளிகை நூலகத்தில் 'ஜோஷி காகிதங்கள்' என்று பாதுகாக்கப்படுகின்றன. பஞ்சாலைத் தொழிலாளர், மாலுமிகள், ரயில்வே ஊழியர் பற்றி எழுதும் ஆய்வாளர்கள் அவற்றை எடுத்துப் படிக்கிறார்கள். நடேசய்யரும் ஜோஷியும் ஒரே காலத்தவர்கள். இருவரும் தொழிலாளருக்காகச் சட்டசபையில் பேசியவர்கள். ஒருவருடைய காகிதங்களுக்கு ஒரு நூலகமும் பொறுப்பாளரும் கிடைத்தார்கள். இங்கே நம் சமூகத்துக்கு அப்படி ஓர் இடத்தை நாம் கட்டவில்லை. வீடே சொந்தமில்லாத மக்களுக்கு நூலகம் எங்கே இருந்து வரும் என்று கேட்பீர்கள். அதுவும் உண்மைதான்.

இதெல்லாம் படித்தவர்களின் ஆராய்ச்சிக் கவலை என்று யாரும் நினைக்க வேண்டாம். நடேசய்யர் இறந்து ஓர் ஆண்டுதான் கழிந்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளருக்கான சட்டம் வந்தது. அதன்படி விண்ணப்பிக்க என்ன காட்டவேண்டும்? 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்னர், மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் தொடர்ச்சியாக இலங்கையில் இருந்ததற்குச் சாட்சி காட்டவேண்டும். ஒரு தொழிலாளியிடம் என்ன சாட்சி இருக்கும்? அவர் தோட்டத்தில் இருந்ததற்குச் சாட்சி செக்ரோல். அது தோட்டத்து ஆபிஸில். பிள்ளை பிறந்த பதிவும் அங்கேயே. இடையில் ஒரு தடவை சாமி கும்பிட, கல்யாணத்துக்கு என்று இந்தியாவுக்குப் போய்வந்திருந்தால், "தொடர்ச்சி அறுந்துவிட்டது" என்றார்கள்.

சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போடப்பட்டன. 1962 அளவில் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. மற்றவர்களை 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் பங்கு பிரித்தார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் அங்கே, 3 இலட்சம் பேர் இங்கே, மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று. 1974இல் அந்த மிச்சத்தை ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். அண்ணன் அந்தப் பக்கம், தங்கை இந்தப் பக்கம் என்று எத்தனை குடும்பங்கள்! 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை நாடற்றவர் என்ற பேரோடு வாழ்ந்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். அரசியல் காரணம்தான் இதற்கு அடிப்படை. காகிதம் மட்டும் இருந்திருந்தால் எல்லோருக்கும் உரிமை கிடைத்திருக்கும் என்று நாம் சொல்லவில்லை. சட்டத்தை எழுதியவர்களின் நோக்கமே வேறு. ஆனால் அந்த நோக்கத்தை நிறைவேற்ற அவர்கள் கையில் எடுத்த ஆயுதம், "உன்னிடம் காகிதம் இல்லை" என்பதுதான்.

அந்த ஆயுதம் இன்றும் துருப்பிடிக்கவில்லை. ஓய்வு பெற்ற ஒரு தாய் ஈ.பி.எப். பணத்துக்குப் போகிறார். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் முத்தம்மா. செக்ரோலில் முத்தாயி. அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து. மூன்று பேரும் ஒரே ஆள் என்று நிரூபிக்க அவர் எத்தனை நாள் பேரை விட்டுவிட்டு, எத்தனை பஸ் ஏறவேண்டும்! சட்டப்படி நம் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகவேண்டும். 1958இல் வந்த சட்டம் அது. அதற்கு மேல் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி சேவைக்காலப் பணம். இவை எல்லாவற்றுக்கும் எத்தனை ஆண்டு, எத்தனை நாள் வேலை செய்தோம் என்ற கணக்கு வேண்டும். தோட்டங்கள் 1970களில் அரசாங்கத்தின் கைக்குப் போயின. 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறின. இத்தனை கைமாறியதில் பழைய புத்தகங்கள் எந்த ஸ்டோரில் கிடக்கின்றன என்று கேட்டால், பல இடங்களில் பதில் சொல்ல ஆள் இல்லை. நம்மிடம் ஒரு பழைய சம்பளச் சீட்டு இருந்தால், கேள்வி கேட்கும் பலம் நம் பக்கம் வரும்.

மண்ணும் மழையும் வேறு. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின் மேல் மலை இறங்கியது. உயிரை இழந்தவர்களுக்கு ஈடு ஏது? உயிர் தப்பியவர்களுக்கோ அடுத்த கஷ்டம், தாங்கள் யார் என்று காட்ட ஒரு காகிதமும் மிஞ்சாதது. நம் லயங்கள் பலவற்றில் கூரை ஒழுகுகிறது. தகரப் பெட்டிக்குள் இருந்தாலும் காகிதம் ஈரம் குடிக்கும், கறையான் தின்னும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது "பழைய குப்பை" என்று அடுப்பில் போட்டதும் உண்டு.

ஆகவே, தோழர்களே, இந்த வகுப்பிலிருந்து போகும்போது செய்யவேண்டிய வேலைகளைச் சொல்கிறோம். இவை செலவில்லாத வேலைகள். முதல் மூன்றும் வீட்டிலும் தோட்டக் கமிட்டியிலும் நாமே செய்யக்கூடியவை.

முதல் வேலை வீட்டில். அப்பாயி, அம்மாயி, தாத்தா வைத்திருந்த பெட்டியை இந்த மாதத்துக்குள் ஒரு தடவை திறந்து பாருங்கள். பழைய கடவுச்சீட்டு, பிரஜாவுரிமைப் பத்திரம், விண்ணப்ப இலக்கம் எழுதிய கடிதம், பி காட், சங்கச் சந்தா ரசீது, கூப்பன் புத்தகம், இந்தியாவிலிருந்து வந்த காகிதங்கள், கல்யாணப் போட்டோ. எது குப்பை என்று தனியாக முடிவெடுக்க வேண்டாம். உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, கூரை ஒழுகாத, தரையைத் தொடாத இடத்தில் வையுங்கள். லெமினேட் பண்ணவேண்டாம். பழைய காகிதம் அதில் கெட்டுப்போகும். போட்டோவின் பின்னால் பென்சிலால் யார், எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று எழுதுங்கள். பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

இரண்டாவது, பிள்ளைகளின் கையில் போன் இருக்கிறது. ஒவ்வொரு காகிதத்தையும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, உறவினர் இருவருடைய போனிலாவது வையுங்கள். ஒரு விஷயத்தில் கவனம் தேவை. அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் குழுக்களில் போடாதீர்கள். எந்த ஆபிஸுக்கும் மூலப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். போட்டோப் பிரதி கொடுங்கள். மூலத்தைக் கேட்டால் காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள்.

மூன்றாவது, நம் சங்கத்துக்குள்ளேயே. தோட்டக் கமிட்டியின் கூட்டக் குறிப்புப் புத்தகம் முடிந்ததும் அது தலைவர் வீட்டுப் பரணுக்குப் போகிறது. தலைவர் மாறினால் புத்தகமும் மறைகிறது. இனி பழைய புத்தகங்கள் புதிய கமிட்டிக்குக் கையளிக்கப்படவேண்டும். கையெழுத்து வாங்கிக் கையளிக்கவேண்டும். துரைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் பிரதி ஒன்று, கிடைத்த திகதியும் கையொப்பமும் அதில். வாயால் சொன்ன முறைப்பாடு காற்றோடு போகும். மாதர் அணிக் குறிப்புகளையும் தனியாக வையுங்கள். வேலைக்களத்தில் மலசலகூடம் இல்லை, பிள்ளைக்காம்பிராவில் பால்மா இல்லை என்று அக்காமார் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்த சங்கதிகள் ஆண்கள் எழுதும் குறிப்பில் பல தடவை "இதர விடயங்கள்" என்று ஒரு வரியில் முடிந்துவிடுகின்றன.

நான்காவது, நம் மக்கள் பிரதிநிதிகள். இங்கேதான் தலைப்புக்கு முழுதாக வருகிறோம். பிரதேச சபையிலும் மாகாண சபையிலும் பாராளுமன்றத்திலும் நம் வாக்கால் போனவர்கள் பலர் இருந்தார்கள், இருக்கிறார்கள். எல்லாக் கட்சியையும் சேர்த்துச் சொல்கிறோம். ஒரு பிரதிநிதியின் காரியாலயத்துக்கு நாம் கொடுக்கும் மனு, பாதை வேண்டும், தண்ணீர் வேண்டும், 7 பேர்ச் காணிக்கு உறுதி வேண்டும் என்று கொடுக்கும் மனு, அவருடைய பதவிக்காலம் முடிந்த பின் எங்கே போகிறது? பழைய பேப்பர்க் கடைக்குப் போய், வடை சுற்றிக் கொடுக்கப்படுகிறதா? அவர் வீட்டுப் புகைப்படங்களும் குடும்பக் கடிதங்களும் அவருக்குச் சொந்தம். அதில் நமக்கு உரித்தில்லை. நம் மனுக்களும் அவற்றுக்கு அதிகாரிகள் எழுதிய பதில்களும் வேறு. அவற்றில் நமக்கு உரித்து உண்டு. பதவியிலிருந்து இறங்கும்போது அந்தக் கோவைகளை ஒழுங்காக ஒரு நூலகத்துக்கோ சுவடிகள் திணைக்களத்துக்கோ கையளிக்கவேண்டும் என்று நம் சங்கம் கேட்கவேண்டும். எல்லாக் கட்சிகளிடமும் கேட்கவேண்டும்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. மனுக்களில் சொந்தக் கஷ்டங்கள் இருக்கும். குடும்பச் சண்டை, கடன், நோய், பெண்களுக்கு நேர்ந்த கொடுமை எல்லாம் இருக்கும். அதை ஊர் படிக்கக் கூடாது. அதனால் கையளிக்கும்போதே, இத்தனை ஆண்டுகளுக்கு இதைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனை போடலாம். பெரிய நூலகங்களில் இது வழக்கமான ஏற்பாடுதான். பாதுகாப்பது ஒன்று, பகிரங்கப்படுத்துவது இன்னொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, "வெட்கக்கேடு வேண்டாம், எரித்துவிடுவோம்" என்று முடிவெடுக்கக் கூடாது.

ஐந்தாவது, இருக்கிற வசதிகளைப் பயன்படுத்துவோம். கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. பழைய பத்திரிகைகளும் அரசாங்க ஆவணங்களும் அங்கே உண்டு. அது துரைமார் வீடு இல்லை, நம் வரியிலும் நடக்கும் அரசாங்க நிறுவனம். உயர்தரம் படிக்கும் நம் பிள்ளைகளை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போகவேண்டும். 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் 2005 முதல் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் படம் பிடித்துச் சேர்க்கிறார்கள். மலையக எழுத்தாளர்களின் நூல்கள் பல அங்கே இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. நம் சங்கத்தின் பழைய இதழ்களையும் அங்கே சேர்க்கக் கேட்கலாம். அத்தோடு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசாங்க நிறுவனங்களிடமிருந்து எழுத்தில் தகவல் கேட்க அது நமக்கு உரிமை தருகிறது. தொழில் திணைக்களத்தில் உங்கள் முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது என்று கேட்க யாருடைய சிபாரிசும் தேவையில்லை. விண்ணப்பம் எழுத உதவி வேண்டுமானால் சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள். தோட்டப் பாடசாலை ஆசிரியர்களும் உதவுவோம்.

2023இல், நம் முன்னோர் வந்து 200 ஆண்டானதை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் பலர் நடந்தார்கள். அந்தப் பாதையில் வந்து செத்தவர்களின் பெயர்ப் பட்டியல் நம்மிடம் இல்லை. கப்பலில் எத்தனை தலை, கோப்பித் தோட்டத்துக்கு எத்தனை தலை என்று எண்ணிக்கைகள் இருக்கின்றன. எண்ணியவர்கள் எழுதினார்கள். எண்ணப்பட்டவர்களுக்கு எழுதும் வாய்ப்பு இல்லை. நடேசய்யரும் மீனாட்சி அம்மாளும் அச்சுக்கூடம் வைத்து, தமிழில் பத்திரிகை போட்டு, அந்த நிலையை மாற்ற முயன்றார்கள். தொழிலாளிக்கு எழுத்துத் தெரியவேண்டும், சட்டம் தெரியவேண்டும் என்று அவர்கள் ஓயாமல் உழைத்தது அதற்காகத்தான்.

இன்று நமக்கு எழுதத் தெரியும். லயத்துக்கு லயம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இனி தொலைத்தால் அது துரை தொலைத்ததாகாது.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கமிட்டிக்கு ஒரு பூட்டுள்ள பெட்டி. அதற்குப் பொறுப்பாக ஒரு தலைவியும் ஒரு இளைஞரும். பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல். பட்டியலின் பிரதி சங்கக் காரியாலயத்தில். முதலில் கூட்டக் குறிப்புகளும் முறைப்பாட்டுப் பிரதிகளும் உள்ளே போகட்டும். மற்றவை தானாகச் சேரும். அடுத்த வகுப்புக்கு வரும்போது எத்தனை தோட்டங்களில் பெட்டி வைத்தாயிற்று என்று கணக்குக் கேட்போம். கணக்கை எழுத்தில் கொண்டுவாருங்கள்.